மட்டக்குதிரையும் மனிதனும்

குதிரையின் பெருமையைத் தம் பெயரில் தாங்கிக்கொண்டு, கால்நடையாகவே திரியும் மக்கள் நம் சமுதாயத்தில் உண்டு. ‘ராவுத்தர்’ என்ற சொல்லுக்குக் குதிரைவீரர் என்று அகராதி பொருள் கூறும். திருமண அழைப்பிதழிலும் வீட்டுப் பத்திரத்திலும் அந்தச் சொல் இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால், அப்பெயரைத் தாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒரு குதிரையின் பிடரியைத் தடவிப் பார்த்திருப்பார்கள்? பெயர் நிலைத்துவிட்டது, குதிரை போய்விட்டது.

அப்பெயருக்கு உரியவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே, குதிரையைப் பற்றிய செய்தி எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அத்தகைய செய்தி ஒன்று வந்தது. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் தலைநகரில் நடந்த போலோ இறுதியாட்டத்தில், அடோல்ஃபோ காம்பியாசோ என்னும் வீரர் ஆறு பெண்குதிரைகளை மாற்றி மாற்றி ஏறி ஆடினார். அவருடைய அணி வென்றது. அந்த ஆறும் ஒரே குதிரையின் பிரதிகள் என்பதே செய்தி. ஒரு தாய் ஈன்ற ஆறு குட்டிகள் அல்ல. குவார்தெத்தேரா என்னும் ஒரு குதிரையின் உடலணுவைக் கொண்டு, அதன் அச்சாகவே உருவாக்கப்பட்ட ஆறு உயிர்கள். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தோமே தவிர, அந்த மனிதரை மனத்திலிருந்து இறக்கி வைக்க இயலவில்லை. அவர் ஏன் இதைச் செய்தார் என்ற கேள்விக்கு விடை தேடியதில் அறிந்துகொண்டவற்றையும், அதையொட்டி நம் உள்ளத்தில் எழுந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

போலோ என்றதும் வெள்ளைக்காரர்களின் கேளிக்கை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது கீழைநாடுகளின் ஆட்டம். பாரசீகத்தில் இதற்குச் சவ்கான் என்று பெயர். இஸ்ஃபஹான் நகரின் பெருஞ்சதுக்கத்தில் அக்கால ஆட்டத்துக்காக நட்ட கல் இலக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. தில்லியின் முதல் சுல்தான் குத்புத்தீன் ஐபக், 1210-ஆம் ஆண்டில் லாகூரில் சவ்கான் ஆடுகையில் குதிரையோடு விழுந்து உயிர்நீத்தார். இருளிலும் ஆடுவதற்காகப் பலாச மரத்தால் செய்த பந்துகளைக் கொளுத்தி உருட்டும் வழக்கம் அக்பர் அவையில் இருந்ததை ‘ஆயினே அக்பரி’ குறிக்கிறது. மணிப்பூர் மக்கள் தமக்கே உரிய சிறிய மட்டக்குதிரைகளின் மீதேறி நெடுங்காலமாக ஆடிவந்த ஆட்டத்தைக் கண்டுதான், 1859-இல் ஆங்கிலேயர் சில்சாரில் முதல் போலோச் சங்கத்தை நிறுவினர். பந்தைக் குறிக்கும் பல்திஸ்தானத்துச் சொல்லே ‘போலோ’ ஆயிற்று. இங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஆட்டம், பண்ணை வைக்கவும் இருப்புப்பாதை போடவும் அர்ஜென்டினாவுக்குச் சென்ற ஆங்கிலேயரோடு 1870-களில் அந்நாட்டை அடைந்தது. ஆட்டம் நம் பக்கத்தது. அது வேரூன்றித் தழைத்த நிலமோ உலகின் மறுகோடியில் இருக்கிறது.

அங்கே அது தழைத்ததற்குக் காரணம் உண்டு. அர்ஜென்டினாவின் பம்பாஸ் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் சமமாக விரிந்தது. ஸ்பானியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்த கிரியோல்யோ என்ற நாட்டுக்குதிரை அங்கே பெருகியிருந்தது. களைப்பறியாத, மாடு மறிக்கப் பழகிய இனம் அது. அதன் பெட்டைகளை ஆங்கிலப் பந்தயக் குதிரையோடு சேர்த்துச் சேர்த்து, வேகமும் பொறுமையும் ஒருங்கே அமைந்த போலோக் குதிரையைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கினர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்நாடு பெற்ற முதல் தங்கப் பதக்கமே போலோவுக்குத்தான். பழக்கத்தால் இன்றும் ‘மட்டக்குதிரை’ என்று சொல்கிறார்களே தவிர, இன்றைய போலோக் குதிரை நன்கு உயர்ந்து வளர்ந்த குதிரையேயாகும்.

ஆட்டத்தை அறியாதவர்க்காக ஒரு சில சொற்கள். அணிக்கு நால்வர். ஏறத்தாழ 300 கஜ நீளமுள்ள புல்தரை. கையில் நீண்ட பிரம்பின் நுனியில் மரக்கட்டை பொருத்திய கோல். குதிரை பாய்ந்தோடும்போதே குனிந்து பந்தை அடித்து, எட்டு கஜ இடைவெளியுள்ள இரு கம்பங்களுக்கு நடுவே செலுத்த வேண்டும். இடக்கையால் அடிக்க அனுமதி இல்லை. ஏழு நிமிட அளவுள்ள ஒவ்வொரு சுற்றுக்கும் ‘சக்கர்’ என்று பெயர். நம் சக்கரம் என்ற சொல்லின் உறவே அது. அர்ஜென்டினாவின் பெரும் போட்டியில் எட்டுச் சக்கர். முழு வேகத்தில் ஓடி, திடீரென நின்று, நின்ற இடத்திலேயே திரும்பி மீண்டும் பாயும் குதிரை, அந்த ஏழு நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆகவே வீரன் குதிரையை மாற்றிக்கொண்டே இருக்கிறான். பெரிய ஆட்டம் ஒன்றுக்கு ஒருவனுக்குப் பத்துக் குதிரைகளேனும் வேண்டும். ஆட்டத்தின் பெரும்பகுதி குதிரையே என்பது அத்துறையில் உள்ளவர் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. கோப்பையை ஏந்துகிறவன் மனிதன் என்பதுதான் வேறுபாடு.

காம்பியாசோ 1975-இல் பிறந்தவர். புவனஸ் ஐரிஸ் மாநிலத்துக் கன்யூவேலாஸ் பகுதியில் குதிரைகளின் நடுவே வளர்ந்தவர். போலோவில் ஒவ்வொரு வீரருக்கும் அவர் திறமைக்கு ஏற்ப ஒரு மதிப்பெண் தருவார்கள். அதன் உச்சம் 10. வாழ்நாள் முழுவதும் ஆடியும் பெரும்பாலோர் எட்டாத அந்த உச்சத்தை அவர் இருபது வயது நிறையுமுன்பே எட்டினார். 1994-இல் எல்லெர்ஸ்டினா அணியில் இருந்து பாலெர்மோ மைதானத்தின் பெருங்கோப்பையை வென்றார். 2000-இல் லா டோல்ஃபினா என்ற சொந்த அணியைத் தொடங்கினார். அந்த அணி 2013 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அக்கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்தது.

போலோவைத் தொழிலாகக் கொண்டவனின் ஆண்டு, பறவைகளின் ஆண்டைப் போன்றது. வடக்கே கோடை வந்தால் இங்கிலாந்து; குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா; தென்பாதியில் வசந்தம் மலரும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சொந்த நாடு. வெளிநாடுகளில் செல்வர்கள் தாமே அணிகளை நடத்தி, ஊதியம் கொடுத்துச் சிறந்த வீரர்களை அமர்த்திக்கொள்கின்றனர். அந்தச் செல்வரும் நால்வருள் ஒருவராகக் களத்தில் இறங்குவார். வெளியூர் ஆட்டத்தில் ஈட்டிய பொருள் எங்கே செல்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஊரில் இருக்கும் லாயத்துக்கே செல்கிறது. காம்பியாசோ தம்மை ஆட்டக்காரராக மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அவர் கதை ஒரு விளையாட்டு வீரனின் கதையாக முடிந்திருக்கும். அவர் குதிரை வளர்ப்பவராகவும் ஆனதில்தான் நமக்குரிய செய்தி இருக்கிறது.

குதிரை வளர்ப்பு என்பது காத்திருப்பு. பெட்டை சினையுற்றால் பதினொரு மாதம். குட்டி பிறந்து மூன்றாம் வயதை நெருங்கும்போதுதான் அதன் முதுகில் சேணம் ஏறும். அர்ஜென்டினாவில் குதிரையைப் பழக்குபவரைத் தோமதோர் என்பர். நாள்தோறும் தீனியும் குளியலும் பார்த்துக்கொள்பவர் பெதிசேரோ. பழக்குபவர் கையிலிருந்து சிறிய ஆட்டங்களுக்கும், அங்கிருந்து பெரிய ஆட்டங்களுக்கும் படிப்படியாக அது நகர வேண்டும். ஐந்தாறு வயதுக்கு முன் அது நல்ல குதிரையா இல்லையா என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. கோலில் சிக்காதிருக்கப் பிடரிமயிரை மழிப்பது, வாலைப் பின்னி முடிவது, நான்கு கால்களுக்கும் பட்டை சுற்றுவது எல்லாம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் யாரோ ஒருவர் கையால் நடக்கிறது. அந்தக் கைகளின் பெயரை எந்தக் கோப்பையிலும் பொறிப்பதில்லை.

இத்துறையில் பெண்குதிரைகளுக்கே மதிப்பு அதிகம். ஆனால் ஒரு பெண்குதிரை ஆடவும் வேண்டும், குட்டி ஈனவும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே காலத்தில் நடவா. இதற்கு ஒரு வழி கண்டனர். ஆட்டக் குதிரையின் கருவை எடுத்து வேறொரு பெட்டையின் வயிற்றில் வைப்பது. செவிலித்தாய் சுமக்கிறாள், ஈன்றவள் ஆடுகிறாள். கடந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்து இம்முறை அங்கே பெருகிற்று. சிறந்த தாய்வழிகளைப் போற்றிப் பெருக்குவதற்கு இதுவே காம்பியாசோவைப் போன்றவர்களுக்குப் படிக்கல்லாயிற்று.

இனி அந்தத் துயரத்துக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில், பாலெர்மோ இறுதியாட்டத்தில், காம்பியாசோ மிகவும் நேசித்த ஐக்கன் கூரா என்ற ஆண்குதிரையின் கால் முறிந்தது. குதிரையின் கால் முறிந்தால் என்ன ஆகும் என்பது குதிரை வளர்த்தவர்க்குத் தெரியும். அவ்வளவு பெரிய உடலின் பாரத்தை மூன்று கால்கள் நெடுநாள் தாங்கமாட்டா. படுக்கவைத்துப் பண்டுவம் பார்க்கவும் இயலாது. எப்படியாவது அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் துடித்தார். மருத்துவர்கள் போராடினர், பலிக்கவில்லை. இறுதியில் அதன் துன்பத்தை முடித்துவைக்க வேண்டியதாயிற்று. அதற்குமுன் அதன் கழுத்துத் தோலில் ஒரு சிறு துணுக்கை எடுத்து உறைகுளிரில் வைக்கச் செய்தார் காம்பியாசோ. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கு அப்போது அவருக்குத் திட்டம் ஏதுமில்லை. விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தைப் படித்தபோது எம் அத்தாவின் முகம் நம் கண்முன் வந்து நின்றது. அவர் எம் ஊர் இரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். 1960-களில் எங்கள் வீட்டின் சோறு அந்த வண்டியிலிருந்துதான் வந்தது. சிட்டு என்று ஒரு பெண்குதிரை. அத்தா கொள்ளை ஊறவைத்து, அதற்கு வைத்துவிட்டுத்தான் தாம் உண்ண அமர்வார். இரவு இஷாத் தொழுது வந்ததும், லாந்தரைத் திண்ணையில் வைத்துவிட்டு, சிட்டின் நான்கு கால்களையும் முட்டியிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். எங்காவது சூடு தெரிந்தால் மறுநாள் வண்டி கட்டமாட்டார். மறுநாள் வண்டி கட்டாவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்பதை அவர் அறியாதவரல்லர். அன்று அம்மா எதுவும் கேட்கமாட்டார். கஞ்சியில் தண்ணீர் சற்று மிகுதியாக இருக்கும்.

ஒரு மாரிக்கால இரவில் சிட்டுக்கு வயிற்றுவலி கண்டது. குதிரைக்கு வயிற்றுவலி என்பது நமக்கு வருவதைப் போன்றதன்று. அதனால் வாந்தி எடுக்க இயலாது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். ஆகவே, படுக்கவிடாமல் அத்தா அதை விடியும்வரை தெருவில் நடத்திக்கொண்டே இருந்தார். பாங்கு சொல்லும் நேரத்தில் அது விழுந்தது. அத்தா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் அழுது நாம் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கடன் வாங்கி வேறொரு குதிரை வாங்கினார். நிறமும் உயரமும் ஏறத்தாழ அதே போலத்தான். பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அதற்கும் சிட்டு என்றே பெயரிட வேண்டும் என்று அடம்பிடித்தோம். அத்தா இசையவில்லை. “பேரு ஒண்ணா இருந்தா உசுரு ஒண்ணாயிருமா? அது வேற, இது வேற. இதுக்கு இதோட பேரு வேணும்ல” என்றார். அதற்கு மைனா என்று பெயர் வைத்தார். மைனாவின் கால்களையும் அன்றிரவே தடவத் தொடங்கிவிட்டார்.

ஒருவர் விட்டுவிட்டார், மற்றவர் விடமறுத்தார். யார் செய்தது சரி என்று தீர்ப்புக் கூற நாம் இதை எழுதவில்லை. அத்தாவுக்கு விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை என்பதும் உண்மை. வழி இருந்திருந்தால்? அந்தக் கேள்வியைத்தான் காம்பியாசோவின் வாழ்க்கை நம்முன் வைக்கிறது.

2003-இல் இத்தாலியில் பிரோமெத்தேயா என்ற குட்டி பிறந்தது. உலகில் பிரதியாகப் பிறந்த முதல் குதிரை அதுவே. எந்தக் குதிரையின் அணுவிலிருந்து அது உருவாயிற்றோ, அதே குதிரைதான் அதைச் சுமந்தும் ஈன்றது. தன்னையே தான் பெற்ற தாய்! இதன் முறை வருமாறு: ஒரு பெட்டையின் கருமுட்டையில் உள்ள உட்கருவை நீக்கிவிட்டு, பிரதி எடுக்க வேண்டிய குதிரையின் தோலணுவிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைக்கின்றனர். அது கருவாக வளர்ந்தால் செவிலித்தாயின் வயிற்றில் வைக்கின்றனர். பல முயற்சிகளில் ஒன்றிரண்டே தேறும். பந்தயக் குதிரைகளின் உலகம் இதை ஏற்கவில்லை. போலோ உலகம் ஏற்றது. அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து காம்பியாசோ தம் சிறந்த குதிரைகளுக்குப் பிரதி எடுத்தார். உறைகுளிரில் கிடந்த அந்தத் தோல் துணுக்கிலிருந்து ஐக்கன் கூராவின் பிரதியும் பிறந்தது. அவர் லாயத்தின் கண்மணியாக விளங்கிய குவார்தெத்தேராவின் பிரதி ஒன்று 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது 8 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதுவரை ஒரு பந்தைக்கூடத் துரத்தியறியாத குட்டிக்கு அந்த விலை! உயிருக்கு விலை வந்ததும் உரிமைச் சண்டையும் வந்தது. இப்பிரதிகள் யாருக்கு உரியவை, யார் விற்கலாம் என்ற வழக்குகள் பின்னாளில் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றன.

2016-இல் அந்த ஆறு பிரதிகளும் களத்தில் இறங்கியபோது, உலகம் விஞ்ஞானத்தைப் புகழ்ந்தது. நமக்கு வேறொன்று தோன்றிற்று. அணு ஒன்றாயினும் அவை ஒவ்வொன்றும் குட்டியாகவே பிறந்தன. நிற்கக் கற்றன, கடிவாளத்துக்கு வாய் கொடுக்கக் கற்றன, கோல் காதருகே சுழலும்போது அஞ்சாதிருக்கக் கற்றன. தாய்க்குதிரை கற்றிருந்த எதையும் அவை பிறக்கும்போது கொண்டு வரவில்லை. நெற்றிச் சுட்டியும் காலின் வெண்மையும்கூடப் பிரதிக்குப் பிரதி சற்று மாறுபடும் என்கின்றனர் அறிவியலார். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் பழக்கினார். யாரோ ஒருவர் இரவில் கால்களைத் தடவிப் பார்த்தார். உடலைத் திரும்பப் பெறலாம். வளர்ப்பைத் திரும்பப் பெற முடியாது. அதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே செய்தாக வேண்டும். “இதுக்கு இதோட பேரு வேணும்” என்று அத்தா சொன்னதற்கு இதுவே பொருள் என்று நாம் கருதுகிறோம். காம்பியாசோவின் பண்ணையோ அந்தப் பிரதிகளைக் குவார்தெத்தேரா என்ற ஒரே பெயரோடு வரிசை எண் சேர்த்து வழங்கிற்று. எண்ணைத் தாங்கிய அந்தக் குதிரைகளுக்கு, தீனி வைக்கும் பெதிசேரோ தன் வாய்க்குள் ஒரு செல்லப் பெயரேனும் வைத்திருப்பான் என்று நம்ப நமக்கு ஆசை.

வளர்ப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்துக்குப் பாரசீகக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. கைஸ் தீவின் வணிகர் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை வைத்ததையும் வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்துள்ளார். அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மாண்டுபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவரோ லாடம் கட்டுபவரோ இங்கில்லை என்றும் அக்காலத்தில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ வியந்து குறிப்பிடுகிறார். வாங்கப் பொன் இருந்தது. வளர்க்கக் கை இல்லை. ஆண்டுதோறும் பொன் கடல் கடந்தது. ஆண்டுதோறும் லாயம் காலியாயிற்று. அர்ஜென்டினாவின் பண்ணைகள் நேர்மாறான பாதையில் நடந்தன. அவர்கள் விலைகொடுத்து வாங்கிய குதிரையை விட, தாமே உருவாக்கிய குதிரையால்தான் உலகை வென்றனர்.

இப்போது அந்த நாட்டிலேயே மற்றொரு வாசல் திறந்திருக்கிறது. பரிசு பெற்ற போலோக் குதிரை ஒன்றின் அணுவை எடுத்து, தசை வளர்ச்சியை ஆளும் மரபணுவில் திருத்தம் செய்து உருவாக்கிய ஐந்து குட்டிகள் 2024-இல் அர்ஜென்டினாவில் பிறந்தன. நோக்கம், கூடுதல் வேகம். பிரதியை ஏற்றுக்கொண்ட அதே போலோ உலகம் இம்முறை தயங்கிற்று. இக்குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை என்று அந்நாட்டுப் போலோச் சங்கம் அறிவித்தது. வளர்ப்பவர்கள் பலர் கவலை தெரிவித்தனர். அவர்கள் அச்சம் புரியத்தக்கதே. எந்தப் பெட்டையை எந்தக் குதிரையோடு சேர்ப்பது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணி, பதினொரு மாதம் காத்திருந்து, பிறந்த குட்டி எழுந்து நிற்பதைப் பார்க்கும் அந்த நேரத்துக்காகவே வாழ்கிறவர்கள் அவர்கள். விளைவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டால் அவர்களுக்கு அங்கே என்ன வேலை? பிரதி எடுப்பவன், இறைவன் படைத்ததில் தனக்குப் பிடித்ததை இன்னொரு முறை கேட்கிறான். திருத்துபவன், படைத்தது போதாது என்கிறான். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தக் குதிரைக்காரர்கள் ஏட்டறிவால் அறியவில்லை, தொழிலால் உணர்ந்திருக்கிறார்கள்.

காம்பியாசோவின் வாழ்வில் இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். 2022-இல் லா டோல்ஃபினா மீண்டும் பாலெர்மோ கோப்பையை வென்றபோது, அந்த நால்வருள் இருவர் தந்தையும் மகனும். தந்தைக்கு நாற்பத்தேழு வயது. மகன் இருபதைக்கூடத் தொடாத இளைஞன். தந்தையின் பெயரே மகனுக்கும். ஆனால் அவனை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை; பொரோத்தோ என்ற செல்லப் பெயரே வழங்குகிறது. அவ்வளவு குதிரைகளுக்குப் பிரதி எடுத்த மனிதர், தம் மகனைத் தாம் வளர்ந்தவாறே குதிரைகளின் நடுவே வளர்த்தார். களத்தில் தம் அருகே நிறுத்தினார். அவனுக்குரிய பெயரால் அழைத்தார். தமக்குத் தெரிந்ததை அவனுக்குக் கொடுக்க அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

எம் அத்தா மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஜட்காக்கள் எம் ஊர்த் தெருக்களிலிருந்து மறைந்தும் அவ்வாறே. மைனாவின் கழுத்தில் கிடந்த சலங்கை மட்டும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதை எடுத்துக் குலுக்குவார்கள். ‘இது என்ன’ என்று கேட்பார்கள். குதிரையின் பெயர் என்ன, அதை எப்படி வளர்த்தார்கள், இரவில் ஏன் கால்களைத் தடவினார்கள் என்று சொல்லத் தொடங்கினால், சற்று நேரம் நின்று கேட்கவும் செய்கிறார்கள். ராவுத்தர் என்ற பெயரை அவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெயருக்குள் இருந்த கையின் இதத்தையும் சேர்த்துக் கொடுப்பது நம் பொறுப்பு. அதை எந்த அணுவிலிருந்தும் எடுக்க முடியாது. சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.